வீட்டில் அலுக்கிற வேலை, அங்கே எப்படி இனித்தது?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு வாசகி, "ஊழியம், சேவை என்று சொல்லிக்கொண்டு சிலர் பத்து நாள் வெளிநாடு போய் வருகிறார்கள். அது சேவையா, சுற்றுலாவா? அந்தப் பணத்தை இங்கேயே ஏழைகளுக்குக் கொடுக்கலாமே" என்று கேட்டிருந்தார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அப்படிப் போய் வந்தவள் என்கிற முறையில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத்தலைவி. வயது 37. வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று அளவான குடும்பம். பகலில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். எங்கள் சபையிலிருந்து 2023 மே மாதம் ஒன்பது பேர் இலங்கைக்குப் போனோம். அதில் ஐந்து பேர் பெண்கள். கொழும்பு பார்க்கவோ கண்டி பார்க்கவோ இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து நாள் தங்கி, அங்குள்ள சின்ன சபையோடு சேர்ந்து வேலை செய்தோம். அந்தச் சபையே அழைப்புக் கடிதம் கொடுத்து, அதற்குரிய விசாவுக்கும் ஏற்பாடு செய்தது.

ஏன் இலங்கை என்று கேட்பீர்கள். திருநெல்வேலிச் சீமைக்கும் அந்த மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. நம் ஊர்ப்பக்கம் பஞ்சமும் பட்டினியுமாய் இருந்த காலத்தில் ஏழை ஜனங்கள் காப்பித் தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலை வரைக்கும் நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதன் 200-வது வருஷ நினைவாக 2023-ல் அவர்களுடைய வாரிசுகள் அதே வழியில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 1854-ல் அந்தத் தோட்டத்துத் தமிழருக்காக ஒரு மிஷன் தொடங்கினபோது, திருநெல்வேலியிலிருந்துதான் உபதேசியார்மார் போனார்கள்.

அங்கிருந்து நமக்கு வந்ததும் உண்டு. நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, பிறகு 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆன அசரியா ஐயர், 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரரை எதிர்பார்க்காமல் தாங்களே காசு சேர்த்து மிஷன் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். மறுவருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உண்டு. அதனால் எங்களுக்கு இது புதுசாக வந்த நாகரிகம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் என் மாமியார் ஒரு கேள்வி கேட்டார். "ஏட்டி, இங்க அஞ்சு பேருக்குப் பொங்கிப் போட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்க. அங்க போயி நூறு பேருக்குப் பொங்கிப் போட்டுட்டு சந்தோஷமா இருந்துச்சுங்க. அது என்ன கணக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உண்மையிலேயே அது என்ன கணக்கு?

அங்கே நான் செய்தது என்ன? காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினேன். பகலில் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்கு அங்கே அந்தப் பெயர். மத்தியானம் சமையல், சாயங்காலம் தையல் சொல்லிக் கொடுப்பது, ராத்திரி பாத்திரம் கழுவுவது. வீட்டில் செய்கிற அதே வேலைதான். பிரசங்கம் ஒன்றும் நான் பண்ணவில்லை. போதாததற்குக் குளிர், மழை, அட்டைக்கடி வேறு. காலில் சோப்பைத் தடவிக்கொண்டுதான் வெளியே இறங்குவோம். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது மனசு லேசாக இருக்கும். காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவேன்.

"கர்த்தருடைய வேலை, அதனால் சந்தோஷம்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கள் சங்கத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் மாமியாருக்குப் பதில் சொன்னதாகாது. வீட்டு வேலை மட்டும் பிசாசுடைய வேலையா என்ன? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்கு மூன்று காரணம் தெரிந்தது.

ஒன்று, அங்கே எல்லாரும் சேர்ந்து செய்தோம். எங்களோடு வந்த ஆண்கள் நாலு பேரும் காய் நறுக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள். எங்கள் ஐயர் சப்பணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தார். எங்கள் பக்கத்துக் கோவில்களில் அசன விருந்து நடக்கும்போதும் அப்படித்தானே, ஆண்கள்தான் பெரிய பெரிய அண்டாவில் கிண்டுவார்கள். கோவில் வளாகத்தில் கரண்டி பிடிக்கிற கைக்கு வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறதோ!

இரண்டு, நான் விருப்பப்பட்டுப் போனேன். "போகிறாயா?" என்று என்னைக் கேட்டார்கள், "போகிறேன்" என்று நான் சொன்னேன். வீட்டில் காலைப் பலகாரம் செய்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு என்ன பலகாரம் என்றுதான் கேட்பார்கள்.

மூன்று, செய்ததை அங்கே நாலு பேர் பார்த்தார்கள். சாப்பிட்டு எழுந்த கிழவர் ஒருத்தர், "கையெடுத்துக் கும்பிடணும் தாயி" என்றார். கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வேளை சமைத்திருப்பேன்? நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள், சகோதரிகளே.

ஆக, சந்தோஷம் வெளிநாட்டு மண்ணில் இல்லை. வேலையை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால், மனசார ஏற்றுச் செய்தால், செய்தவளை ஒருத்தர் ஏறெடுத்துப் பார்த்தால், அந்த வேலை எங்கே நடந்தாலும் இனிக்கும். இதை நான் வீட்டிலும் சொன்னேன். இப்போது ராத்திரிப் பாத்திரம் என் மகன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் வீட்டுக்காரர் பொறுப்பு. உப்புமா கொஞ்சம் குழைந்துதான் வருகிறது. ஆனாலும் சூடாகத் தட்டில் வருகிறதே!

இப்போது பணக் கேள்வி. எனக்கு ஆன செலவு 40,000 ரூபாய்க்கு மேல். இரண்டு வருஷம் ஜாக்கெட் தைத்த காசைச் சேர்த்துப் போனேன். "அதை அப்படியே அனுப்பியிருந்தால் நாலு குடும்பத்துக்கு உதவியிருக்குமே" என்கிறார் அந்த வாசகி. உதவியிருக்கும்தான், மறுக்க மாட்டேன். அங்குள்ள நிலைமை அப்படி. 2022-ல் இலங்கையே கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் விலைவாசி முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தது. நாங்கள் போனபோது தோட்டத்தில் நாள் சம்பளம் இலங்கைக் காசில் 1,000 ரூபாய். நம் காசில் 300-க்கும் குறைவு. அதுவும் அந்தத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம். பிறகு சம்பளம் உயர்ந்திருக்கிறது, ஆனால் அரிசி பருப்பு விலையும் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

எனவே பணமும் அனுப்ப வேண்டும், நாங்கள் இன்றும் அனுப்புகிறோம். ஆனால் பணத்தோடு போய்ச் சேராத சிலதும் இருக்கிறது. இரண்டு மட்டும் சொல்கிறேன்.

விலை ஏறினபோது அங்கே பெண்கள் முதலில் எதை நிறுத்தினார்கள் தெரியுமா? மாதவிலக்குக்கு நாப்கின் வாங்குவதை. பிள்ளைகளுக்குப் பால்மாவா, தனக்கு நாப்கினா என்றால் எந்த அம்மா எதை வாங்குவாள்? பெரிய பெண்கள் அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்தார்கள். இதை அந்த ஊர்ப் போதகரிடம் யாரும் சொல்லவில்லை. கடிதத்திலும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? நாங்கள் போன மூன்றாம் நாள், அடுப்படியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என் காதோடு சொன்னாள். நான் அவர்களுக்குப் பாவாடை வெட்டச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, துவைத்துத் துவைத்து உபயோகிக்கிற மாதிரி பருத்தித் துணியில் நாப்கின் தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் நல்லா தண்ணி இழுக்கிற துணி நாலு மடிப்பு, மேலும் கீழும் மெல்லிசான துணி, இரண்டு பக்கமும் காதுபோல விட்டு ஒரு பிரஸ் பட்டன். அவ்வளவுதான். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப் போட வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மழைக்காலத்தில் வெயில் ஏது என்று கேட்டார்கள். இஸ்திரிப் பெட்டி போட்டுக் காய வைக்கலாம் என்று பேசி முடிவு பண்ணினோம். ஹட்டன் கடைவீதியில் இரண்டு தையல் மிஷின் வாங்கி அந்தச் சபையிலேயே வைத்துவிட்டு வந்தோம். பதினோரு பேர் கற்றுக்கொண்டார்கள். இப்போதும் மூன்று பேர் தைத்து லயத்தில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பதினோரு பேரும் தைக்கிறார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் மூன்று பேர்தான்.

இன்னொன்று. அந்த லயத்தில் எழுபது வயதைத் தாண்டின ஒரு அம்மா இருந்தார். "திருச்சி ஜில்லா துறையூர் எந்தப் பக்கம்மா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய தாத்தா ஊராம். அவர் பார்த்ததே இல்லை. 1948-ல் இலங்கை அரசாங்கம் கொண்டுவந்த சட்டத்தால் இந்த ஜனங்கள் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை என்று ஆனார்கள். 1964-ல் சாஸ்திரிக்கும் சிறிமாவோ அம்மையாருக்கும் ஒப்பந்தம் ஆகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். கணக்கில் அது சரியாக இருந்திருக்கும். குடும்பத்தில் எப்படிச் சரியாகும்? இந்த அம்மாவின் அண்ணன் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார், தங்கை அங்கேயே நின்றுவிட்டார். ஐம்பது வருஷம் ஆகிறது. நாலைந்து கடிதம் வந்ததோடு சரி. ஒரு சாயங்காலம் முழுக்க அவர் பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிளேன் டீயும் ரொட்டியும் கொடுத்தார். கிளம்பும்போது, "இந்தியாவுலேர்ந்து வந்து யாரும் இத்தனை நேரம் எங்கூட உக்காந்ததில்ல" என்றார். என்னால் அவருக்கு ஆனது ஒன்றுமில்லை. அண்ணனைக் கண்டுபிடித்துக் கொடுக்கவா என்னால் முடியும்? ஆனால் பக்கத்தில் உட்காருவதை மணியார்டரில் அனுப்ப முடியாது இல்லையா?

அதே சமயம், அந்த வாசகி சொன்ன குறைகளை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. சேவைக்குப் போகிறோம் என்று சொல்லி, போன இடத்தில் ஏழைப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்து, மிட்டாய் கொடுத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, வண்டி ஏறும்போது பிள்ளைகளும் அழ இவர்களும் அழ, அதைப் பெரிய சாதனையாகப் பேசுகிறவர்கள் உண்டு. அழுத பிள்ளைக்கு அடுத்த நாள் யார் இருக்கிறார்கள்? போட்டோவில் இருக்கிற பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நம் பிள்ளை மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும்போது வெளியூர்க்காரர் படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அதனால் போக ஆசைப்படுகிற சகோதரிகளுக்கு, எனக்குத் தெரிந்த நாலு விஷயம்:

முதலாவது, கூப்பிட்டால் மட்டும் போங்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்களை அழைத்த போதகர் முன்கூட்டியே எழுதிவிட்டார், "பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். பெண்கள் அத்தனை பேரும் மலையில் இருப்பார்கள். கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்" என்று. அதனால் எல்லாமே சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகுதான். பகலில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தது அப்படித்தான் அமைந்தது.

இரண்டாவது, அவர்கள் ரேஷனில் கை வைக்காதீர்கள். ஏழை வீட்டில்தான் விருந்தாளிக்கு முதல் தட்டு வைப்பார்கள். நாங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அங்குள்ள கடையிலேயே காசு கொடுத்து வாங்கிவிட்டோம். அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆச்சு.

மூன்றாவது, சட்டத்தை மதியுங்கள். சுற்றுலா விசாவில் போய் மதக் கூட்டம் நடத்துவது பல நாடுகளில் குற்றம். நேபாளத்தில் மதம் மாற்ற முயற்சி செய்தாலே சிறைத்தண்டனை என்று 2017-ல் சட்டம் வந்திருக்கிறது. நாம் விமானம் ஏறி வந்துவிடுவோம். பிறகு போலீசுக்குப் பதில் சொல்வது அங்குள்ள சபை ஜனங்கள்தான்.

நாலாவது, அரிசியையோ படிப்பையோ காட்டி யாரையும் மதம் மாற்றப் பார்க்காதீர்கள். எங்கள் தையல் வகுப்புக்கு வந்த பதினோரு பேரில் ஆறு பேர் நெற்றியில் திருநீறோடும் பொட்டோடும் வந்தவர்கள். அப்படியே வந்தார்கள், அப்படியே போனார்கள். வேதத்தில் தொற்காள் என்று ஒரு பெண் வருகிறாள். யோப்பா ஊரில் விதவைகளுக்கெல்லாம் உடுப்புத் தைத்துக் கொடுத்தவள். தைத்துக் கொடுத்தாள் என்றுதான் எழுதியிருக்கிறது. பதிலுக்கு என்ன கேட்டாள் என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தொற்காள் கப்பல் ஏறி எங்கும் போனதாக இல்லை. இருந்த ஊரிலேயே, தெரிந்த பெண்களுக்கே தைத்தாள். ஆகவே பாஸ்போர்ட் எடுக்க முடியாத சகோதரிகள், வீட்டில் படுத்த படுக்கையாய் மாமனாரை வைத்துக்கொண்டிருக்கிற சகோதரிகள், "நமக்குக் கொடுத்து வைக்கலையே" என்று நினைக்க வேண்டாம். பத்து நாள் போய் வந்த எங்களுக்கு மாலையும் சாட்சி சொல்ல மேடையும் கிடைத்தது. அந்த மலையில் விடியற்காலை எழுந்து பொங்கி வைத்துவிட்டு, குழந்தையைக் காம்பராவில் விட்டு, மழையில் நனைந்து 18 கிலோ பறித்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்கு வருஷம் 365 நாளும் ஊழியம்தான். அவளுக்கு யார் மாலை போட்டார்கள்? நம் வீட்டு அம்மாக்களுக்கு யார் போட்டார்கள்?

என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட பயணம் போய் வந்தவள் செய்ய வேண்டிய முதல் வேலை, கூட்டத்தில் சாட்சி சொல்வது இல்லை. வீட்டுக்குள் யார் சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதுதான். நான் இல்லாத பத்து நாளும் எழுபது வயதில் என் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவர் என் மாமியார். அவரால்தான் நான் போக முடிந்தது. அந்த ஊழியத்தில் பாதிப் பங்கு அவருக்குச் சேரும். இதைச் சபையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "போட்டி, வெக்கமா இருக்கு" என்றார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

அந்த வாசகி கேட்டதற்கு என் பதில் இதுதான்: போய் வந்த பிறகு வீட்டில், தெருவில் இருக்கிறவர்கள் மேல் அக்கறை கூடினால் அது சேவை. போட்டோ ஆல்பம் மட்டும் கூடினால் அது சுற்றுலா.

உங்கள் அபிப்பிராயம் என்ன சகோதரிகளே? கோவில் உழவாரப் பணிக்கோ, ஆஸ்பத்திரி சேவைக்கோ, வெளியூர் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள். எந்த மதமானாலும் கரண்டி பிடிக்கிற கை ஒன்றுதானே.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை